எதிரே வருகிறவருக்கும் கண்கள் உண்டு



இந்த வாரச் சிந்தனையில் நான் எழுதப்போவது இருசக்கர வாகனத்தின் முகப்பு விளக்கைப் பற்றி. போதகர் எழுத வேண்டிய பொருளா இது என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். சென்ற ஞாயிறு மாலை ஆராதனை முடிந்தபின் ஆலய வளாகத்தில் நின்ற வண்டிகளை எண்ணிப் பார்த்தேன். 42 இருசக்கர வாகனங்கள் நின்றன. அவற்றில் பெரும்பாலானவை தெருவிளக்கு இல்லாத சாலைகளில் ஐந்தாறு கிலோமீட்டர் சென்று வீடு சேர வேண்டியவை. உங்கள் பிள்ளைகளும் பெற்றோரும் அவற்றின் பின்னிருக்கையில் அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே இதைப் பற்றி எழுதுவது என் கடமைக்குப் புறம்பானது அல்ல என்று நினைக்கிறேன். எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது என் குற்றம். அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடந்த ஐப்பசியில் ஓர் இரவு, சாத்தான்குளம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வீட்டு ஜெபக்கூட்டத்தை முடித்துவிட்டு நான் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். மணி ஒன்பதரை இருக்கும். இருபுறமும் பனைமரங்கள். மழை விட்டு இரண்டு நாளாகியிருந்தது, சாலை காய்ந்திருந்தது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் என் பழைய வண்டியின் பல்பைக் கழற்றிவிட்டு, பளீரென்று எரியும் எல்.இ.டி. பல்பு ஒன்றைப் போட்டிருந்தேன். 54 வயதில் கண்பார்வை முன்போல் இல்லை. வெளிச்சம் கூடினால் குறை தீரும் என்பது என் கணக்கு. அந்தப் புதிய வெளிச்சத்தில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

எதிரே ஒரு சைக்கிள் வருவதைக் கண்டேன். சைக்கிளில் விளக்கு இல்லை. பின்னால் புல்லுக்கட்டு இருந்தது. நான் ஹை பீமில் வந்துகொண்டிருந்தேன், அப்படியே வந்தேன். எதிரே ஒரு பேருந்து வந்திருந்தால் என் கட்டைவிரல் தானாகவே பொத்தானை அழுத்தி விளக்கைத் தாழ்த்தியிருக்கும். வந்தது சைக்கிள்தானே. தாழ்த்த வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

அவரைக் கடந்த மறுகணம் பின்னால் ஏதோ சரிந்து விழும் சத்தம் கேட்டது. பக்கக் கண்ணாடியில் இருட்டைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. நான் உடனே நிறுத்தவில்லை. 'புல்லுக்கட்டு சரிந்திருக்கும்' என்று மனம் ஒரு சமாதானம் சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டு ஏறத்தாழ நூறு மீட்டர் சென்றேன். அதன் பிறகுதான் வண்டியைத் திருப்பினேன். அந்த நூறு மீட்டரைப் பற்றி இன்றைக்கும் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவர் சாலையோரப் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தார். சைக்கிள் ஒருபுறம், புல்லுக்கட்டு ஒருபுறம். எழுபதை நெருங்கிய மனிதர். நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, என்ன ஆச்சு? அடிபட்டுட்டா?" என்று பதறிக் கேட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. "கண்ணு கூசிட்டுய்யா. ரோடு எங்க இருக்குன்னே தெரியல. ஒதுங்குவோம்னு நெனச்சேன், பள்ளத்துல எறங்கிட்டேன்" என்றார். நான் வெள்ளை அங்கி அணிந்திருந்ததைப் பிறகுதான் கவனித்தார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "ஒங்களுக்கு அது வெளிச்சம். எதுக்க வாறவனுக்கு அது இருட்டுல்லா ஐயா."

மணிக்கட்டில் எலும்பு விரிசல் கண்டிருந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அவருக்கு ஒரே ஒரு பசுமாடு. வலது கை இல்லாமல் பால் கறப்பது எப்படி? அந்த ஆறு வாரமும் பக்கத்து வீட்டுப் பெண்மணி கறந்து கொடுத்தார். மருத்துவச் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். வாரம் ஒருமுறை போய்ப் பார்த்தேன். அவர் ஒவ்வொரு முறையும் எனக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார். அந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அந்தக் காப்பியைக் குடிப்பது எளிதாக இருக்கவில்லை.

அதன் பிறகுதான் பல ஆண்டுகளாக ஓட்டி வரும் என் வண்டியின் விளக்கைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பதை உணர்ந்தேன். பழுதுபார்க்கும் தம்பி ஒருவரிடம் அமர்ந்து கேட்டேன்; படித்தேன்; இரவில் இளைஞர்களை வைத்துச் சோதித்தும் பார்த்தேன். அறிந்துகொண்டவற்றை உங்களுக்குச் சொல்கிறேன்.

நம் வண்டி விளக்கில் இரண்டு நிலைகள் உண்டு. ஹை பீம் சாலைக்கு நேராக, நெடுந்தொலைவுக்கு ஒளியைச் செலுத்துகிறது. லோ பீம் ஒளியைக் கீழே சாய்த்து, சாலையின் மீதே விழச் செய்கிறது. சாதாரண ஹாலஜன் பல்பில் இதற்காக இரண்டு இழைகள் இருக்கின்றன. லோ பீம் இழைக்குக் கீழே கிண்ணம் போன்ற சிறியதொரு உலோகத் தகடு இருக்கும். அந்தத் தகடு ஒளியின் ஒரு பகுதியை மறைப்பதால்தான் மேல்நோக்கிச் செல்லக்கூடிய வெளிச்சம் தடுக்கப்படுகிறது. நம் நாட்டில் நாம் இடப்புறமாகச் செல்கிறோம். எதிரே வருகிறவர் நமக்கு வலப்புறம் இருக்கிறார். ஆகவே பல விளக்குகளில் லோ பீம் இடப்புறம் சற்றுத் தொலைவாகவும், வலப்புறம் தாழ்வாகவும் விழும்படி அமைத்திருக்கிறார்கள். இடப்புறம் நடந்து செல்கிறவர் நமக்குத் தெரிய வேண்டும். வலப்புறம் எதிரே வருகிறவரின் கண் கூசக்கூடாது. அந்தச் சிறு கண்ணாடிக் கூட்டுக்குள் இந்த இரண்டு அக்கறைகளையும் வைத்திருக்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டைத்தான் என் புதிய பல்பு குலைத்துவிட்டது. விளக்கின் உட்புறக் குழிக்கண்ணாடி, ஹாலஜன் இழை எந்த இடத்தில் எரியுமோ அந்த இடத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டது. அதில் வேறு வகைப் பல்பைப் பொருத்தும்போது ஒளி பிறக்கும் இடம் மாறிவிடுகிறது. இடம் மாறினால் ஒளி சிதறுகிறது. ஓட்டுகிறவருக்குக் கண்முன்னே பளிச்சென்று தெரிவதால் நன்றாக இருப்பதாகத் தோன்றும். எதிரே வருகிறவருக்கோ லோ பீமும் ஹை பீமைப் போலவே குத்தும். தொழிற்சாலையிலிருந்தே எல்.இ.டி. விளக்கோடு வரும் வண்டிகளுக்கு இந்தக் குறை இல்லை. அவற்றின் விளக்குக்கூடு அதற்கென்றே அமைந்தது. நான் பழைய வகைப் பல்பையே மீண்டும் போட்டுக்கொண்டேன். 35 வாட் போதுமா என்று கேட்பீர்கள். விளக்குக் கண்ணாடியில் படிந்திருந்த சேற்றையும் பூச்சிகளையும் துடைத்தபோது, பாதிக் குறை அங்கேயே தீர்ந்துவிட்டது. கீறல் விழுந்த ஹெல்மெட் கண்ணாடியை மாற்றியபோது மீதியும் பெருமளவு தீர்ந்தது. கீறல் விழுந்த கண்ணாடியில் எதிர் விளக்கு நட்சத்திரம்போல் விரிந்து பார்வையை மறைக்கும். கறுப்புக் கண்ணாடியை இரவில் அணியவே கூடாது.

அடுத்தது வேகம். இதை நீங்கள் கவனமாக வாசிக்க வேண்டும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. சாலையில் ஒரு பொருளைக் கண்டு, இன்னதென்று புரிந்துகொண்டு, கை பிரேக்கை அழுத்தத் தொடங்குவதற்குள் ஒன்றரை நொடி போய்விடும். அதற்குள்ளேயே 25 மீட்டர் கடந்துவிடுகிறோம். அதன் பிறகு வண்டி நிற்பதற்கு, காய்ந்த சாலையிலும் நல்ல டயரிலும்கூட, இன்னும் 25 மீட்டருக்கு மேல் வேண்டும். மொத்தத்தில் 50 மீட்டருக்கும் அதிகம். 40 கிலோமீட்டர் வேகமானால் ஏறத்தாழ 30 மீட்டரில் நிற்கலாம்.

இனி என் சோதனையைச் சொல்கிறேன். ஓர் இரவு, போக்குவரத்து இல்லாத மண்பாதையில் வண்டியை நிறுத்தி, லோ பீமைப் போட்டு, நம் வாலிபர் சங்கத் தம்பி ஒருவரைக் கறுப்புச் சட்டையோடு விளக்கை விட்டு விலகி நடக்கச் சொன்னேன். 35 மீட்டரைத் தாண்டியதும் அவர் இருக்கிறாரா இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதே தம்பி வெள்ளைச் சட்டையை மாற்றிக்கொண்டு நடந்தபோது 60 மீட்டர் வரையிலும் தெரிந்தார். அவர் அங்கே நிற்கிறார் என்று எனக்கு முன்பே தெரியும். எதிர்பாராமல் நிற்கும் ஒருவரை இதைவிடக் குறைந்த தொலைவில்தான் காண்போம்.

இரண்டு கணக்குகளையும் சேர்த்துப் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் லோ பீமோடு செல்கிறவர், கறுப்புச் சட்டை அணிந்த மனிதரைக் காணும்போது, அவருக்கு முன்னால் நிற்பதற்கு இடம் போதாது. பிரேக் நன்றாக இருந்தும், கண் நன்றாக இருந்தும், திறமை இருந்தும் மோதியே தீருவார். விளக்கு போட்டுக்கொண்டுதான் வந்தேன் என்று பிற்பாடு சொல்வதில் பயனில்லை. நம் சாலைகளில் இரவில் என்னவெல்லாம் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். பின்விளக்கு எரியாத டிராக்டர் டிரெய்லர், சாலையில் படுத்திருக்கும் எருமை, உலர்த்தப்போட்ட தானியத்தைச் சுற்றி அடுக்கிய கற்கள், தேரிக்காட்டிலிருந்து காற்று கொண்டுவந்து குவித்த செம்மணல். இவற்றில் எதற்கும் விளக்கு இல்லை.

எளிய அளவுகோல் ஒன்றைச் சொல்கிறேன். நம் சாலையோரத்து மின்கம்பங்களுக்கு இடையே பொதுவாக 40, 50 மீட்டர் இடைவெளி இருக்கும். உங்கள் லோ பீம் தெளிவாகக் காட்டுவது ஒரு கம்ப இடைவெளிகூட இல்லை. ஆகவே லோ பீமில் செல்லும்போது, ஒரு கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் இடையிலேயே வண்டியை நிறுத்தக்கூடிய வேகத்தில் செல்லுங்கள். 40க்கு மேல் வேண்டாம். மழை பெய்து சாலை நனைந்திருந்தால் அதைவிடவும் குறையுங்கள்.

119-ஆம் சங்கீதத்தில் விளக்கைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் நாம் பெரிய வெளிச்சத்தைக் கற்பனை செய்துகொள்கிறோம். அந்தக் காலத்தில் கையில் ஏந்திச் சென்றது எண்ணெய் ஊற்றிய சிறு மண்விளக்கு. அது காட்டியது இரண்டு மூன்று அடிகளுக்கான தரையை மட்டுமே. நடந்து செல்கிறவருக்கு அது போதுமானதாக இருந்தது. விளக்கு எவ்வளவு காட்டியதோ அவ்வளவே அவர் கால் வைத்தார். விளக்கை முந்திக்கொண்டு ஓட அவரால் முடியாது. நம்மிடம் இருப்பதோ விளக்கையும் முந்திச் செல்லக்கூடிய இயந்திரம். காணாத இடத்துக்குள் நம்மைக் கொண்டுசெல்ல அதற்கு வலிமை இருக்கிறது. அந்த வலிமையை அடக்க வேண்டியது நம் வலது கை.

இனி ஹை பீமைப் பற்றி. அதைப் பயன்படுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆளில்லாத நேர்ச்சாலையில் அது உங்கள் நண்பன், பயன்படுத்துங்கள். எப்போது தாழ்த்துவது என்பதே கேள்வி. எதிரே ஒரு விளக்கு நான்கு கம்பத் தொலைவில் தெரியும்போதே தாழ்த்திவிடுங்கள். அவர் தாழ்த்தட்டும், பிறகு நான் தாழ்த்துகிறேன் என்று காத்திருக்க வேண்டாம். வளைவை நெருங்கும்போது, எதிர் வண்டி தெரிவதற்கு முன்பே அதன் வெளிச்சம் மரங்களின் மேல் அசைவதைக் காணலாம், அப்போதே தாழ்த்துங்கள். முன்னே ஒரு வண்டி போய்க்கொண்டிருந்தால் அதன் பின்னால் லோ பீமில்தான் செல்ல வேண்டும். உங்கள் ஹை பீம் அவருடைய பக்கக் கண்ணாடி வழியே கண்ணில் பாயும். மூடுபனியிலும் புழுதியிலும் கனமழையிலும் ஹை பீம் உதவாது. ஒளி நீர்த்துளிகளிலும் தூசியிலும் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவதுபோல் இருக்கும்.

தாழ்த்தியவுடன் வேகத்தையும் குறையுங்கள். இதைப் பலரும் மறந்துவிடுகிறோம். ஹை பீமில் வந்த வேகத்திலேயே லோ பீமுக்குள் நுழைகிறோம். பார்வை பாதியாகச் சுருங்கிவிட்டது. வேகம் மட்டும் சுருங்கவில்லை.

எதிரே வருகிறவர் தாழ்த்தாமலே வந்தால் என்ன செய்வது? அவர் கண்ணிலும் அடித்துப் பாடம் கற்பிக்கலாம் என்று கை துடிக்கும். எனக்கும் துடித்ததுண்டு. அதனால் நடப்பது என்னவென்றால், பார்வையிழந்த ஒருவர் இருந்த சாலையில் இப்போது பார்வையிழந்த இருவர் இருக்கிறார்கள். ஒரு முறை மட்டும் விளக்கைச் சிமிட்டி நினைவூட்டுங்கள். அதற்கும் அவர் தாழ்த்தாவிட்டால், அந்த விளக்கைப் பார்க்காதீர்கள். சாலையின் இடது ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைக்கோடு இருந்தால் அதைப் பாருங்கள். வேகத்தைக் குறைத்து அந்த ஓரத்தைப் பற்றிக்கொண்டு செல்லுங்கள். அவர் கடந்த பிறகும் உடனே வேகமெடுக்காதீர்கள். கூச்சம் தெளிவதற்குச் சில நொடிகள் ஆகும். 50 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடிக் குருட்டுத்தன்மை என்பது 28 மீட்டர். அந்த 28 மீட்டரில் யார் நடந்துபோகிறார் என்று யாருக்குத் தெரியும்?

வயது கூடக்கூட இந்தச் சில நொடிகளும் கூடுகின்றன. முதிர்ந்த கண்ணின் பாவை இருட்டில் முன்போல் விரிவதில்லை, கண்வில்லை மங்குகிறது, கூச்சம் தெளியவும் நேரமாகிறது. இருபது வயதுத் தம்பிக்கு ஒரு நொடியில் மறைந்துவிடும் கூச்சம், எழுபது வயதுப் பெரியவரின் கண்ணில் நெடுநேரம் நிற்கும். இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக ஏறத்தாழ அரைமணி நேரம் வேண்டும். விளக்கில்லாத சைக்கிளில் வந்த அந்த அண்ணாச்சி, தோட்டத்திலிருந்து வரும் வழியெல்லாம் தம் கண்ணை இருட்டுக்குப் பழக்கிக்கொண்டே வந்திருக்கிறார். நான் அதை ஒரு கணத்தில் பறித்துக்கொண்டு போய்விட்டேன்.

விளக்கின் கோணத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 106-ஆம் விதி இதைப் பற்றியே பேசுகிறது. வண்டிக்கு முன்னால் 8 மீட்டர் தொலைவில், சற்று வலப்புறத்தில், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்களைக் கூசச் செய்யாதபடி விளக்கு தாழ்ந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1.5 மீட்டர் என்பது ஏறத்தாழ நடந்து வரும் ஒரு மனிதரின் கண் உயரம்.

வீட்டிலேயே சோதிக்கலாம். சமதரையில், சுவருக்கு முன்னால் 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். ஸ்டாண்டில் நிறுத்தாமல், வழக்கம்போல் வண்டியில் அமர்ந்துகொள்ளுங்கள். விளக்கின் நடுப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். லோ பீமின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். மேலே விழுந்தால் விளக்குக்கு அருகில் இருக்கும் திருகைக் கொண்டு சரிசெய்யலாம். பிறகு பின்னிருக்கையிலும் ஒருவரை அமர்த்திப் பாருங்கள். பின்பக்கம் தாழ, முன்விளக்கு மேலே நிமிர்ந்து, வெளிச்சம் கோட்டைத் தாண்டி ஏறுவதைக் காண்பீர்கள். மனைவியையும் இரண்டு தேங்காய் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு போகிறவர், லோ பீம் போட்டிருக்கிறேன் என்று நிம்மதியாக இருக்க முடியாது. எப்போதும் இருவராகவே செல்கிறவர்கள் அதற்கேற்ப விளக்கையும் பின்பக்கத்து ஸ்பிரிங்கையும் அமைத்துக்கொள்வது நல்லது.

இவையெல்லாம் கற்றுக்கொள்ளக்கூடியவை. அந்த இரவில் என்னிடம் குறைவாக இருந்தது இந்த அறிவு மட்டும்தானா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. பேருந்துக்கு விளக்கைத் தாழ்த்த எனக்குத் தெரிந்துதான் இருந்தது. லாரிக்கும் தாழ்த்துவேன், காருக்கும் தாழ்த்துவேன். ஏன்? நான் தாழ்த்தாவிட்டால் அவர்கள் திருப்பி அடிப்பார்கள். அவர்கள் விளக்கு என் விளக்கைவிடப் பெரியது. சைக்கிள்காரரால் திருப்பி அடிக்க முடியாது. தலையில் விறகுக்கட்டோடு நடந்து வரும் அம்மாவிடம் விளக்கே இல்லை. ஆகவே அவர்களுக்கு நான் தாழ்த்தியதில்லை. இத்தனை ஆண்டுகளாகச் சாலையில் நான் காட்டிய மரியாதை பயத்துக்குக் காட்டிய மரியாதைதான் என்பது அந்தத் திண்ணையில் அமர்ந்திருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. சாலையில் மட்டும்தானா இப்படி நடந்துகொள்கிறேன் என்ற கேள்வியும் கூடவே வந்தது. சேகரக் கமிட்டியில் குரல் உயர்த்தக்கூடியவரிடம் எப்படிப் பேசுகிறேன், ஆலயம் பெருக்கும் அம்மாவிடம் எப்படிப் பேசுகிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். பதில் எனக்கு மகிழ்ச்சி தரவில்லை. நீங்களும் உங்கள் வீட்டிலும் வேலையிடத்திலும் எண்ணிப் பாருங்கள்.

2017 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் விற்பனைக்கு வரும் புதிய இருசக்கர வாகனங்களில், எஞ்சினை இயக்கியதுமே முகப்பு விளக்கு தானாக எரியும். அணைப்பதற்குப் பொத்தான் கிடையாது. நாம் பிறருக்குத் தெரிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்த ஏற்பாடு வந்த புதிதில், பகலில் எதிரே வந்தவர்கள் எல்லாரும் விரல்களைக் குவித்து விரித்து, "லைட் எரியுது" என்று சைகை காட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். முன்பின் தெரியாதவரின் பேட்டரி வீணாகக்கூடாதே என்ற நல்லெண்ணம் அது. நம் மக்களிடம் அந்த மனம் இருக்கிறது. பகலில் இருக்கும் அந்த மனம் இரவிலும் நம் கட்டைவிரலுக்கு வந்தால் போதும்.

உங்கள் வண்டியில் வேகம் காட்டும் இடத்தைப் பாருங்கள். ஹை பீம் எரியும்போது அங்கே நீல நிறத்தில் ஒரு சிறு விளக்கு எரியும். அதை நான் எத்தனையோ ஆண்டுகளாகக் கண்டும் காணாமல் ஓட்டியிருக்கிறேன். இப்போது அந்த நீலத்தைக் காணும்போதெல்லாம், 'எதிரே யாராவது வருகிறார்களா?' என்று என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். சைக்கிளானாலும் சரி, நடந்து வருகிறவரானாலும் சரி, தாழ்த்துகிறேன், வேகத்தையும் குறைக்கிறேன்.

வருகிற சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு ஆலயத்தின் மேற்குச் சுவரில் கோடு போட்டு வைத்திருப்போம். வாலிபர் சங்கத் தம்பிமார் உதவுவார்கள். உங்கள் வண்டியைக் கொண்டுவாருங்கள். வழக்கமாகப் பின்னால் அமர்கிறவரையும் அழைத்துவாருங்கள். ஒரு வண்டிக்குப் பத்து நிமிடம் போதும். சைக்கிளில் வருகிறவர்களுக்கு முன்னும் பின்னும் ஒட்ட ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் வாங்கி வைத்திருக்கிறோம். நம் சபையாருக்கு மட்டும் என்று இல்லை, உங்கள் தெருவில் யாரிடமெல்லாம் சைக்கிள் இருக்கிறதோ அவர்களுக்கும் வாங்கிக்கொண்டு போங்கள். அந்த அண்ணாச்சியின் சைக்கிளுக்கு நான் ஏற்கெனவே ஒட்டிவிட்டேன். ஒட்டும்போது அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இது மின்னணும்னா நீங்க லைட்டு போட்டுத்தான் வரணும். ஆனா கண்ணுல போடாதிய" என்றார். கட்டுப் பிரித்த கை இன்னும் முழுமையாக மடங்கவில்லை. மாட்டை மட்டும் இப்போது அவரே கறக்கிறார்.

ஜெபம்: ஆண்டவரே, இருளில் வீடு திரும்பும் எங்கள் பிள்ளைகளையும் பெரியவர்களையும் காத்துக்கொள்ளும். நாங்கள் காணக்கூடிய தொலைவுக்கு ஏற்ற வேகத்தை எங்களுக்குத் தாரும். எங்களுக்கு எதிரே விளக்கில்லாமல் வருகிறவர்களை நாங்கள் கவனிக்கச் செய்யும். எங்களால் காயப்பட்டவர்களிடம் திரும்பிச் செல்லும் மனதைத் தாமதமின்றி எங்களுக்குத் தாரும். ஆமென்.

அன்புடன்,
உங்கள் சேகர குருவானவர்